சத்தம் போடாத டேப் ஷூ

இன்று மாட்டுங்காவில் எனக்கு மூன்றாவது டேப் டான்ஸ் வகுப்பு. ஷூவின் அடியில் இரும்புத் தகடு அடித்துக்கொண்டு, தரையில் தட்டித் தாளம் போடுகிற ஆட்டம்.

எல்லார் காலும் டக் டக் என்கிறது. என் கால் மட்டும் தொப் தொப்.

"ஆவாஸ் கிதர் ஹை?" என்று டீச்சர் என் சத்தத்தைத் தேடுகிறார். ஓங்கி மிதித்தேன். முட்டி வலித்ததுதான் மிச்சம்.

வகுப்பு முடிந்ததும் நேரே தாராவி. தகடு அடித்துக் கொடுத்த செருப்புப் பட்டறை அண்ணாச்சியிடம், "சத்தமே வரலையே அண்ணாச்சி?" என்றேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி வரும்? தகட்டு மேல ரப்பர் ஒட்டிருக்கோம்லா! ஆபீசுக்குப் போற பிள்ள டக்கு டக்குன்னு நடந்தா நல்லாவா இருக்கும்?"

மூன்று வகுப்பாக ஷூவைத் திருப்பிப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

"அந்தச் சத்தம்தான் அண்ணாச்சி வேணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரப்பரை உரித்தெடுத்தார். அங்கேயே ஆடிக் காட்டினேன். அப்பா, என்ன சத்தம்!

அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒரு காலு முந்துது, ஒரு காலு பிந்துதே. தகடு லூசா இருக்கோ?"

தகடு கெட்டியாகத்தான் இருந்தது.

"ஆமா அண்ணாச்சி, கொஞ்சம் லூசுதான்" என்றேன். பாவம், சுத்தியலை எடுத்து இன்னும் நாலு அடி அடித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை அடுத்த வகுப்பு. உரித்த ரப்பர் என் பையில்தான் இருக்கிறது. திரும்ப ஒட்டிவிடவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.