மானுக்குத் தெரியாத நிறம்

“காடு பார்க்கிறதுக்கும் ஒரு படிப்போ, பிள்ளை?”

ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அப்பாவின் நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் வனவியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்திருந்த வருடம் அது. அகதியாக எல்லை தாண்டும்போது தான் பார்த்த காடு ஏழு தலைமுறைக்குக் காணும் என்று அவர் சொல்ல, வரிசையே சிரித்தது. “ஓம் மாமா, ஐந்து வருசப் படிப்பு,” என்றேன். நான் சிரிக்கவில்லை.

எனக்கு அந்தப் படிப்பில் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா ஆறோடு. பத்து வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு டொச்சில், ஜெர்மன் மொழியில், வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்தவளும், ஒவ்வொரு அந்திராக் விண்ணப்பப் படிவத்தையும் நிரப்பியவளும் நான்தான். பட்டம் வாங்கிய அன்று அம்மா அந்தச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். அந்தப் படம் இன்னும் சாமி அறையில் இருக்கிறது.

படித்து முடித்ததும் பான் நகரத்துக்குத் தெற்கே இருக்கிற ஒரு வனப் பணிமனையில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. வண்டு அரித்துச் செத்த ஊசியிலை மரங்களை வெட்டிவிட்டு, அந்த இடங்களில் கருவாலி என்கிற ஓக் மரக் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தோம். நட்ட கன்றுகளின் குருத்தை மான்கள் வந்து கடித்துவிடும். மான்களின் தொகையைக் குறைக்காவிட்டால் அங்கே காடு எழும்பாது. அதனால் இந்த வேலையில் வேட்டையும் ஒரு பகுதி. நான் அதற்கான பரீட்சையும் எழுதி, அனுமதியும் எடுத்து, ஒரு பழைய துவக்கும் வாங்கினேன். குளிர்காலம் முடியும்போது என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று பொறுப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். துவக்கெடுத்துக் காட்டுக்குப் போகாத ஒருத்தியை நிரந்தரமாக்க அவருக்கு வழியில்லை.

இந்த நாட்டுச் சட்டப்படி துவக்கை அதன் சொந்தக்காரர் பூட்டி வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில், என் அறையில், ஒரு இரும்பு அலுமாரி வந்து இறங்கியது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தன் கண்ணில் அது படக் கூடாது. நான் அதைப் பையில் கொண்டு போவேன், பையில் கொண்டு வருவேன். ஒரு கிழமை கழித்து வேலையால் வந்து பார்த்தால், அலுமாரியின் மேலே வெள்ளைப் பின்னல் துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்திருந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இதற்கும். விசயம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

பிரச்சினை ஒரு மினுக்கத்தில் தொடங்கியது. ஐப்பசி வெயில் சாய்ந்த ஒரு பின்னேரம், வேட்டைப் பரணில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தேன். மான் ஒன்று கன்றுகளுக்கு நடுவே வந்து நின்றது. நான் துவக்கை மெல்லத் தூக்கினேன். அதன் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையில் வெயில் பட்டுத் தெறித்தது. மான் தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது முறையாக இப்படி நடந்தபோது, உன் துவக்கு முகம் பார்க்கிற கண்ணாடிபோல இருக்கிறது என்று பொறுப்பாளர் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. அறிக்கையில் எழுத ஏதாவது கொண்டு வா என்பதுதான் அதன் பொருள்.

ஸ்பொஞ்சால் ஒற்றி உருமறைப்பு நிறம் பூசுகிற முறையை வேட்டைக்காரர்கள் போட்ட காணொளிகளில் பார்த்தேன். கடினமான வேலை இல்லை. ஒரு சனிக்கிழமை, அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம், குசினி மேசையில் விளம்பரத் தாள்களை விரித்தேன். பல்கனியில் செய்திருந்தால் எதிர்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிட்டிருப்பா. சுடுவதற்கு வேண்டிய உள்ளிரும்பைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டினேன். குழலின் வாயைக் காதடைப்பானால் அடைத்து, தொலைநோக்கியின் கண்ணாடிகளிலும், துவக்கின் இலக்கத்திலும், அதைச் சோதித்த முத்திரைகளிலும் நாடா ஒட்டினேன். இலக்கத்தை நிறம் மூடக் கூடாது என்பது சட்டம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மினுக்கம் இல்லாத கடும்பச்சையை முதலில் அடித்தேன். அது காய்ந்ததும் அம்மாவின் ஸ்பொஞ்ச் ஒன்றை எடுத்துப் பிய்த்தேன். கத்தியால் வெட்டினால் நேர்க்கோடு விழும், காட்டில் நேர்க்கோடு கிடையாது. மண்ணிறம், பிறகு வெளிர்ப்பச்சை, கடைசியாகக் கொஞ்சம் கறுப்பு. ஒவ்வொரு நிறத்தையும் தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டுத்தான் துவக்கில் ஒற்ற வேண்டும்.

நன்றாக வந்தது. உடுப்புக் காயப்போடுகிற கம்பியில் அதைத் தொங்கவிட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். துவக்கின் ஓரங்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் கரைந்து நின்றன. என் கைவேலையில் எனக்கே மயக்கம் வந்தது. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

அம்மா அன்று நேரத்தோடு வந்துவிட்டார். சப்பாத்தோடு குசினிக்குள் நின்றார். சப்பாத்தோடு அவர் குசினிக்குள் வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கையிலிருந்த லீக்ஸ் மரக்கறிப் பையை நிலத்தில் வைத்தார். திரும்பி வெளியே போனார்.

அவரைக் கட்டடத்தின் பொதுப் படிக்கட்டில் கண்டுபிடித்தேன், கோட்டும் கழற்றாமல் இருந்தார். பக்கத்தில் இருந்துகொண்டு, இது மானுக்காகப் பூசியது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். மானின் கண், வெளிச்சம், மினுக்கம் என்று படித்ததெல்லாம் சொன்னேன். சிவப்பையும் பச்சையையும் மானால் பிரித்துப் பார்க்க முடியாது என்றுகூடச் சொன்னேன். பரீட்சையில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி ஆகக் கூடின புள்ளி எடுத்தவள் நான். நான் முடித்த பிறகு, அம்மா படியைப் பார்த்தபடி சொன்னார்.

“ஆறாம் வகுப்பு படிக்கேக்கை ஒருநாள் பள்ளிக்கூடம் போனன். கேற்றடியிலை ஆமிக்காரங்கள் நிண்டவங்கள். உள்ளுக்கு எங்கடை வாங்கு மேசையெல்லாம் முற்றத்திலை கிடந்தது. என்ரை வகுப்புச் சுவரிலை துவக்கெல்லாம் வரிசையா, இந்த நிறத்திலைதான் சாத்தி வைச்சிருந்தவங்கள்.” பிறகு, “அதுக்குப் பிறகு நான் படிக்கேல்லை,” என்றார்.

அம்மா ஆறாம் வகுப்போடு நின்றவர் என்பது எனக்குத் தெரியும். ஏன் நின்றார் என்று நான் கேட்டதில்லை. வீட்டு வேலையாக்கும், வறுமையாக்கும் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

“நீ செய்யிறது பிழையெண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. அது உள்ளுக்கு இருந்தால் எனக்கு அந்த வீட்டிலை நித்திரை வராது. அவ்வளவுதான்.”

அப்பாவிடம் போனேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டு, “நான் இதிலை இல்லை,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கூட்டினார்.

அடுத்த நாள் காலையில் இரும்பு அலுமாரியின் மேலிருந்த பின்னல் துணி இல்லை. பூச்சாடி என் படிப்பு மேசைக்கு வந்திருந்தது. அந்த வெறும் இரும்பைப் பார்த்தபோது, படிக்கட்டில் அம்மா சொன்னதைவிடக் கூடுதலாக எனக்கு உறைத்தது. அம்மா என் அறையை ஒட்டியிருந்த தன் அறையை விட்டு, வரவேற்பறைச் சோபாவில் படுக்கத் தொடங்கினார். வனப் பணிமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு இருப்பதாகப் பொறுப்பாளர் முன்பே சொல்லியிருந்தார். அதை எடுத்தால் வேலை நிலைக்கும். ஆனால் துவக்குக்காக வீட்டை விட்டுப் போன மகளாக நான் போக வேண்டும். போகாவிட்டால், அம்மாவுக்குக் கிடைக்காத படிப்பைப் படித்து நான் தேடிய வேலையை விட வேண்டும். நிறத்தைச் சுரண்டிவிடலாம்தான். சுரண்டினால் மறுபடி மினுங்கும், மான் மறுபடி ஓடும். நான்கு நாட்கள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பேச்சு இருந்தது.

ஐந்தாம் நாள் அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பருப்புக் கழுவினேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“மானுக்குச் சிவப்புத் தெரியாதெண்டெல்லோ சொன்னனீ?”

“ஓம். சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எல்லாம் அதுக்கு ஒரே மங்கல்தான். நீலம்தான் பளிச்செண்டு தெரியும்.”

“அப்ப ஏன் பச்சை அடிச்சனீ?”

காணொளியில் பச்சை அடித்தார்கள், நானும் அடித்தேன். மானிடமிருந்து மறைவதற்கு ஓரம் உடைய வேண்டும், மினுக்கம் போக வேண்டும். அதற்குப் பச்சை வேண்டியதில்லை. பச்சையால் மறைவது மனிதக் கண்ணிலிருந்துதான். இது எனக்குத் தெரிந்த விசயம். கேட்கத் தோன்றியது அம்மாவுக்கு.

“மானுக்குத் தெரியாட்டில் காணும்,” என்றார் அம்மா. “எனக்குத் தெரியவேணும். தூரத்திலை வரேக்கையே தெரியவேணும்.”

சனிக்கிழமை இருவரும் கட்டடப் பொருள் கடைக்குப் போனோம். அம்மா நிறப்பூச்சுத் தகரப் பேணிகளின் வரிசையில் சீலைக்கடையில் நிற்பதுபோல நின்றார். முதலில் ஒரு மயில்நீலத்தை எடுத்தார், நான் அதை வாங்கித் திரும்ப வைத்தேன். கடைசியில் செம்மஞ்சளும், காவியும், கடும் மண்ணிறமும் எடுத்தோம். மூன்றும் மினுக்கமில்லாதவை. காசு கொடுக்கும்போது, கதிர்காமத்துக் காவடி மாதிரி வரப்போகுது என்று அம்மா சொன்னார். ஒரு கிழமைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி.

அன்று பின்னேரம் குசினியில் துவக்கு என் பக்கம் இருந்தது. அம்மா மேசையின் மற்றக் கரையில் இருந்தார், அதைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்பொஞ்சை மட்டும் தன் பக்கம் இழுத்து, பிய்த்து, தண்ணீரில் நனைத்து, இறுக்கிப் பிழிந்து ஒவ்வொன்றாக என்னிடம் தள்ளினார். இருபது வருடம் கந்தோர்களில் அலுவலக அறைகளைத் துப்புரவாக்கியவர். காய்ந்த ஸ்பொஞ்ச் நிறத்தைக் குடித்துவிட்டுக் குமிழாகத் துப்பும் என்று சொன்னார். போன முறை என் பூச்சில் அங்கங்கே இருந்த குமிழ்கள் எனக்கு நினைவு வந்தன. பழைய பச்சையை நான் தேய்த்து, காவி அடித்து, காயவிட்டு, அதன்மேல் செம்மஞ்சளையும் மண்ணிறத்தையும் ஒற்றினேன். கையை ஒரே பக்கமாகப் பிடித்தால் முத்திரை குத்தியதுபோல விழும் என்பதால் ஒவ்வொரு ஒற்றுக்கும் கையைத் திருப்பினேன். முடிகிற நேரம் அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“பின்னுக்கு, அந்த மூலையிலை ஒண்டு காணாது.”

அந்த மூலையில் ஒன்று ஒற்றினேன்.

பொறுப்பாளர் அதைக் கண்டு, தீயணைப்புப் படைக்கு விண்ணப்பித்திருக்கிறாயா என்று கேட்டார். நான் மானின் கண்ணைப் பற்றிய இரண்டு பக்கத்தையும் அவருக்கு வாயால் ஒப்புவித்தேன். கிழமை முடிவில் பரணில் இருந்தேன். மான் வந்தது. துவக்கைத் தூக்கினேன். அது என் பக்கம் பார்த்தது, காதை ஒருமுறை ஆட்டியது, குனிந்து கருவாலிக் குருத்தைக் கடித்தது. அன்று என் குறி தவறவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பிறகும் சில நாட்கள் தவறவில்லை.

சோபாவில் போட்டிருந்த போர்வை எப்போது உள்ளே போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் வேலையால் வந்தபோது பின்னல் துணி அலுமாரியில் இருந்தது, தோய்த்து இஸ்திரி போட்டு. பூச்சாடி மட்டும் என் மேசையிலேயே நின்றுவிட்டது.

மாசி மாதம் பொறுப்பாளர் தன் அறிக்கையைக் கொடுத்தார். நிரந்தர ஒப்பந்தம் வீட்டுக்குத் தபாலில் வந்தது. நான் வேலையில் நின்றதால் கடிதத்தை அம்மாதான் திறந்தார். தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, முதல் வரியைத் தானே டொச்சில் வாசித்தார். நான் இடையில் திருத்தவில்லை. வாசித்து முடித்துவிட்டு, நீ நட்ட கன்றுகள் எவ்வளவு உயரம் வந்திட்டுது என்று கேட்டார்.

வந்து பாருங்கோ என்றேன். சேறாக இருக்குமே என்றார். அம்மாவின் காலுக்கு முப்பத்தேழு அளவில் ஒரு சோடி றப்பர்ச் சப்பாத்து நேற்று வாங்கி வந்து, வாசலில் என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.