நாகலெட்சுமி கண்ட கனா

விளக்குமாற்றை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, பாதி பெருக்கிய வராந்தாவின் நடுவில் நாகலெட்சுமி நிற்கிறார். காலை எட்டேகால். கடற்காற்று வேப்பஞ்சருகுகளைப் பெருக்கிய பக்கமே திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நேற்றுக் கண்ட கனாவை யாரிடமாவது சொன்னால்தான் அவருக்கு மிச்ச வேலை ஓடும். முதலில் வருகிற ஆசிரியருக்காகக் காத்திருக்கிறார்.

பெரும்பாலும் அது நான்தான். மண்டபம் போகிற பேருந்து என்னை எல்லாருக்கும் முன்னால் இறக்கிவிட்டுப் போய்விடும்.

"நேத்து கனாவுல நம்ம பள்ளிக்கூடத்துக் கொழாயத் தொறக்குறேன் டீச்சர். நல்ல தண்ணி. கடல் கணக்கா வருது. மூட மனசே வரல. புள்ளைக எல்லாம் பையத் தலையில வச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில நடந்து வருதுக."

அபிராமத்துப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவர். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த அன்று, "இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு செம்புக்கு ஏங்குறாகளே" என்றாராம். எங்கள் பள்ளியில் பகுதிநேரத் துப்புரவுப் பணி, பதினோரு வருடமாக. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். கழுவிவிட்ட தரை காய்ந்துகொண்டே போவதை நின்று பார்ப்பார். ஈரத்தில் தெரிந்த வானத்தின் கடைசித் துண்டும் மறைந்த பிறகே வாளியைத் தூக்குவார். கனாவையும் பகலையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போவார். ஆசிரியர்கள் அவரைக் 'கனா அக்கா' என்போம். அன்பாகத்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருடம் எங்கள் பள்ளிக்குப் பெரிய தலைவலி மூன்றாம் பீரியட். இடைவேளை முடிந்து மணி அடித்துக் கால்மணி நேரமாகியும் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் வகுப்பில் இருக்க மாட்டார்கள். சிலர் பின்பக்கம் இடிந்த சுவரைத் தாண்டி உடைமரக் காட்டுக்குள் போவதைப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே பையன்கள் நிற்கிறார்கள் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. இடைவேளையைப் பத்து நிமிடமாகக் குறைத்தோம். தாமதமாக வந்தவர்களை வெயிலில் நிறுத்தினோம். இடிந்த இடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தோம். நான்கு நாளில் முள் விலகியிருந்தது.

அக்டோபரில் என் வகுப்பு டிலக்ஷனா மூன்றாம் முறையாகப் பிடிபட்டாள். உள்ளங்கையை முள் கிழித்திருந்தது. தலைமையாசிரியர் சேதுபதி கெட்டவர் அல்லர். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமோ என்று சதா பயப்படுகிறவர். அவளுடைய அப்பாவுக்குக் கடிதம் போனது.

இலங்கை அகதிகள் முகாமிலிருந்து அப்பா ஏரம்பமூர்த்தி வந்தார். பெயின்ட் அடிக்கிற வேலை. முழங்கைவரை வெள்ளைப் புள்ளிகள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எங்க போன? யாரப் பாக்கப் போன? அத மட்டும் சொல்லு" என்றார் தலைமையாசிரியர். டிலக்ஷனா தரையைப் பார்த்தாள். நானும் அதையே கேட்டேன். தரையைத்தான் பார்த்தாள்.

"பிள்ளை வாய் திறக்கிறாள் இல்லை, சேர்" என்றார் அப்பா. "டிசியைத் தாங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன். இனி வீட்டோட இருக்கட்டும்."

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி வாளியோடு உள்ளே வந்தார். சன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்தபடி, கனாச் சொல்லும் அதே குரலில் பேசினார்.

"கதவுக்குத் தாப்பா இல்ல சார். பொம்பளப் புள்ளைக கக்கூஸு நாலுல மூணுக்குத் தாப்பா இல்ல. ஒண்ணுக்குக் கதவே இல்ல. ஒரு புள்ள உள்ள போனா இன்னொரு புள்ள வெளிய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். முந்நூறு புள்ளைக. பத்து நிமிசத்துல எத்தன புள்ள போகும்? அதான் செவத்தத் தாண்டி, உடைக்காட்டுக்கு அங்கிட்டு இருக்குற லாமியா புள்ள வீட்டுக்குப் போகுதுக. அவுக அம்மா பாவம், வேண்டாம்னு சொல்றதில்ல. இந்தப் புள்ள யாரையும் பாக்கப் போகல."

ஏரம்பமூர்த்தி மகளைப் பார்த்தார்.

"ஓமோ பிள்ளை?"

அவள் தலையசைத்தாள்.

"வீட்டில ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"அம்மாட்டச் சொன்னனான் அப்பா. பொறுத்துக்கொள் எண்டவ."

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜூன் மாதமே நாகலெட்சுமி இதை என்னிடம் சொல்லியிருக்கிறார். தங்கச்சிமடத்துத் தென்னைகள் எல்லாம் கடலுக்குள் நடந்துபோன கனாவுக்கும், இறந்துபோன அவர் அய்யா சைக்கிளில் வந்த கனாவுக்கும் நடுவே, "தாப்பா இல்லாத கதவ ஒரு புள்ள பிடிச்சுக்கிட்டே நிக்கிது டீச்சர், மணி அடிச்சும் விட மாட்டேங்குது" என்றார். நானும் நல்ல கனா என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். "தண்ணி பாட்டிலு வந்த மாதிரியே நெறஞ்சு திரும்பிப் போகுது" என்று சொன்னதையும் அப்படித்தான் கேட்டேன்; கழிவறைக்குப் பயந்து பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆசிரியைகளின் கழிவறைக்குப் பூட்டு உண்டு. சாவி எங்கள் அறை ஆணியில் தொங்கும்.

தலைமையாசிரியர் எழுந்து நாகலெட்சுமியோடு அந்தப் பக்கம் நடந்தார். பள்ளிக்கு வந்த நான்கு வருடத்தில் அவர் அங்கே போனதில்லை. திரும்பி வந்தவர் ஏரம்பமூர்த்தியிடம் இருந்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, கிழித்து, தன் சட்டைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். டிசி எழுதப்படவில்லை. மறுநாள் மதியம் தச்சர் வந்தார். பத்து நாளில் நான்காவது கதவும் வந்தது. நீலத் தகரக் கதவு. இடைவேளை பழையபடி பதினைந்து நிமிடமானது.

அதன் பிறகு மூன்றாம் பீரியடுக்கு நாங்கள் எந்த விதியும் போடவில்லை. இரண்டு வாரத்தில் வகுப்பு தானாக நிறைந்தது. டிலக்ஷனா முதல் பெஞ்சில் உட்கார்ந்து, என் வரலாற்றுப் பாடத்தைக் கேட்டு எல்லாரையும்போலத் தூங்கி வழிகிறாள்.

போன வாரம் ஒரு காலையில், இராவணனுக்குப் பத்துத் தலைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்ட கனாவை நாகலெட்சுமி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தவர், ஈர வராந்தாவின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கனா முடியும்வரை காத்திருந்தார்.

"நாகலெட்சுமி, இங்கன இன்னும் என்னென்ன இல்ல?"

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். சேலைத் தலைப்பில் இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு, முதல்முறையாகத் தலைமையாசிரியரின் முகத்தை நேராகப் பார்த்து, வலது கையின் சுண்டுவிரலை மடக்கினார்.