ஸமட் கேட்ட சம்மதம்

மருதமுனையில் அப்துல் ஸமட் என்றால் எந்த ஸமட் என்பார்கள். லத்தீன் ஸமட் என்றால் வீட்டுக்கே கூட்டிப்போய் விடுவார்கள். சட்டம் படிக்கப் போனவரை லத்தீன் பாடம் இரண்டு முறை கவிழ்த்து ஊருக்குத் திருப்பி அனுப்பியது. கல்முனையில் வழக்குப் பேசும் புரொக்டர் ஒருவரிடம் கிளாக்கராகச் சேர்ந்தார். படித்ததில் ‘அவுதீரே’ என்ற ஒரு வினைச்சொல் மட்டும் தங்கியது.

அதை வைத்துத் தேத்தண்ணிக் கடையில் அவர் காட்டிய எடுப்பு கொஞ்சமல்ல.

“காதுல விழுறதும் அவுதீரேதான். காது குடுத்துக் கேக்கிறதும், சொல்லுக்குப் பணியிறதும் அதுதான். தீர்ப்புச் சொல்ல முந்தி மற்றப் பக்கத்தையும் கேளு எண்டு சட்டத்துல கிடக்கிறதும் இந்தச் சொல்லுதான்.”

வீட்டில் அவருக்குப் பிடித்தது பணிவது மட்டும். அதையும் மற்றவர்கள் செய்யவேண்டும். வாப்பா மௌத்தான பிறகு தங்கை சரீபாவைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. 1955ஆம் ஆண்டு சம்மாந்துறை ஜவுபருக்குப் பேசி முடித்தார். சரீபா கைத்தறி நெய்பவள். தான் குடிவரப்போகும் வீட்டில் தறி இருக்கக் கூடாது என்றார் மாப்பிள்ளை. ஸமட் ஓம் என்றுவிட்டார். தறியைக் கழற்றி, நெய்கையில் அவள் கால் இறக்கி உட்காரும் குழியை மணல் போட்டு மூடினார்கள்.

நிக்காஹ் அன்று முற்றம் நிறைய ஆட்கள். ஓதி வைக்க வந்த லெப்பை காத்திருக்க, இரண்டு சாட்சிகளோடு ஸமட் அறை வாசலில் நின்று சம்மதம் கேட்டார். சத்தமில்லை. பெண் பேசாமலிருந்தால் ஓம் என்று எடுப்பது வழக்கம்.

“புள்ள வெக்கப்படுது, வாங்க” என்று திரும்பினார் சாட்சி முனாப்.

அவரோடு திரும்ப எத்தனித்த ஸமட்டின் கண்ணில், தறிக்குழி இருந்த இடத்தில் விரித்த புதுப்பாய் பட்டது. சரீபா அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வாயத் திறந்து சொல்லு புள்ள.”

“இனி என்னத்தச் சொல்ற காக்கா? இந்த மாப்பிள வேணாம் எண்டு சோறு போடக்கயும் சொன்னன், தறியக் கழட்டக்கயும் சொன்னன். நீங்க ‘ம்’ எண்டுட்டுப் போனீங்க. சொல்லிச் சொல்லிக் களைச்சித்தான் பேசாம இரிக்கன்.”

முனாப் காதில் விழாதவர்போல் கூரையைப் பார்த்தார். ஸமட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் காதில் விழுந்துதான் இருந்தது.

நெய்ச்சோறு மணக்கும் முற்றத்துக்கு வந்தார்.

“லெப்பை, தங்கச்சியக் கேட்டுட்டன். வேணாமாம்.”

ஊர் ஏசிய ஏச்சு கொஞ்சமல்ல. மறுநாள் காலையில் ஸமட் சாரனை மடித்துக் கட்டி, தறிக்குழி மணலை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் ஆழமா, காக்கா” என்றாள் சரீபா.

அவர் மறுபேச்சில்லாமல் தோண்டினார்.