'இல்லை' வாசல் காவலர்

லெனார்ட் பர்கிஸின் உத்தியோகம் கதவை அடைப்பது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அவருடைய மைத்துனரே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "எங்க வீட்டுப் பூனைகூடக் கதவைத் தள்ளி அடைக்குது லென். அதுக்கு யாரும் பென்ஷன் குடுக்கலையே!" என்பார். பர்கிஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். பூனைக்குக் கறுப்புக் கோட்டும் கிடையாது, வெள்ளைக் கழுத்துப்பட்டியும் கிடையாது, வயிற்றின்மேல் சங்கிலியில் தொங்கும் பொன்முலாம் வில்லையும் கிடையாது. தவிர, பூனை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வேலை பார்க்கவில்லை.

அதற்கு முன்பும் அவர் கதவு அடைத்தவர்தான். போர்ட்ஸ்மத்தில் பிறந்து, பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷம் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தார். உத்தரவு வந்ததும் இரும்பு மூடியை இழுத்து அடைக்க வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் உள்ளே இருக்கும் நூறு பேரும் செத்துப்போவார்கள் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு விநாடி தாமதித்தால் யார் சாவார்கள் என்று எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

சபையின் இரு பக்கமும் இரண்டு நீளக் கூடங்கள். தீர்மானத்தை ஆதரிக்கும் உறுப்பினர் 'ஆம்' கூடத்துக்குள் நடக்க வேண்டும், எதிர்ப்பவர் 'இல்லை' கூடத்துக்குள். நாட்டின் தலையெழுத்தை இப்படிக் காலால் நடந்து தீர்மானிப்பது அந்த ஊர் வழக்கம். மணி அடித்ததிலிருந்து எட்டு நிமிடம். எட்டாவது நிமிடம் முடிந்ததும் சபாநாயகர் "கதவை அடையுங்கள்" என்பார், கதவு அடைபடும். அதன் பிறகு வந்தவர் பிரதமரே ஆனாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

'இல்லை' கூடத்தின் வாசல் பத்தொன்பது வருஷமாகப் பர்கிஸின் பொறுப்பு. ஒரு விநாடி முந்தியதில்லை, ஒரு விநாடி பிந்தியதில்லை. ஒரு மந்திரியின் கோட்டு நுனியை வைத்து அடைத்திருக்கிறார். நிறைசூலியாக மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பெண் உறுப்பினரின் முகத்துக்கு நேரே அடைத்துவிட்டு, பிறகு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எந்தக் கட்சிமீதும் அவருக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஐரோப்பாவை விட்டு வெளியேறுவதா வேண்டாமா என்று நாடே வாக்களித்த நாளில் அவர் எதில் குறியிட்டார் என்பது அவர் மனைவி மேவிஸுக்கே தெரியாது. மேவிஸ் வெளியேறும் கட்சி. அதை வாசல் கண்ணாடியில் சுவரொட்டியாகவே ஒட்டிவைத்திருந்தாள்.

வாசல் காவலர்கள் உறுப்பினர்களுக்காக ஒரு மூக்குப்பொடி டப்பா வைத்திருப்பார்கள். அது பழைய காலத்து மரியாதை. அறுநூற்றைம்பது உறுப்பினர்களில் அதைத் தொடுகிறவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். அவர் கத்பர்ட் ஹேல்ஸ், ஆளுங்கட்சி, மார்ஷ்வெல் தொகுதி, முப்பத்தொரு வருஷம். ஒரு சிட்டிகை எடுப்பார், மூன்று தும்மல் போடுவார், "நாடு நல்லா இருக்காய்யா பர்கிஸ்?" என்பார். "இதுவரைக்கும் புகார் வரலை சார்" என்பார் பர்கிஸ். முப்பத்தொரு வருஷத்தில் ஹேல்ஸ் சபையில் பேசியது மொத்தம் பதினான்கு தடவை, அதில் ஐந்து தடவை வடிகால் வாய்க்கால்கள் பற்றி.

ஆனால் கட்சிக்கு அவரைப் போல் ஒரு சொத்து கிடையாது. வாராவாரம் கொறடாவிடமிருந்து ஒரு தாள் வரும். எந்த விஷயத்துக்குக் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறதோ, அதற்கு வந்து, கட்சி சொன்ன பக்கம் நடந்தே ஆக வேண்டும். மூன்று கோட்டைக் கண்டால் ஹேல்ஸ் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்திருப்பார். ஒரே மகள் ஹெஸ்டரின் கல்யாணத்தில், கேக் வெட்டுவதற்குள் கிளம்பி ரயில் பிடித்து, நாய் உரிமம் பற்றிய ஏதோ ஒரு திருத்தத்துக்கு 'ஆம்' என்று நடந்துவிட்டு வந்தார். திருத்தம் இருநூறு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஹெஸ்டர் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்த அதே வருஷத்தில் கருத்தும் வந்தது. எந்த வியாதி முதலில் வந்தது என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. ஐரோப்பாவோடு உடன்பாடு எதுவும் ஆகாவிட்டாலும் குறித்த தேதியில் அதை விட்டு வெளியேறியே தீருவது என்பது அரசின் தீர்மானம். மூன்று கோடு. எதிர்த்து நடப்பவர் அன்றே கட்சியிலிருந்து நீக்கப்படுவார் என்று தாளின் அடியில் நாலாவது கோடு போல ஒரு வரி. ஹேல்ஸ் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அதைப் படித்துவிட்டு, ஆம்புலன்ஸ் கேட்டார்.

எழுந்து நடக்க முடியாத உறுப்பினர் முற்றத்தில் ஆம்புலன்ஸில் படுத்திருந்தாலே போதும், இரு தரப்புக் கொறடாக்களும் எட்டிப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று தலையசைத்து, அவருடைய கட்சி சொல்லும் பக்கம் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். உயிர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். கருத்து இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இல்லை.

அன்று மாலை ஆறரை மணிக்குச் சக்கர நாற்காலி ஒன்று முற்றத்துக்கு வேண்டும் என்று தகவல் வர, பர்கிஸ் தள்ளிக்கொண்டு போனார். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஹேல்ஸ், மூன்று போர்வைக்குள் கொஞ்சம்போல. பக்கத்தில் குனிந்து நின்றவர் ஜைல்ஸ் ஃபேரன், கொறடாக்களில் இளையவர், எப்போதும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்போல் இருப்பவர்.

"அண்ணே, எதுக்குண்ணே இந்த உடம்போட நாற்காலி? இங்கேயே படுத்திருங்க. நாங்க எண்ணிக்கிறோம்."

"எந்தப் பக்கம் எண்ணுவே?"

"என்னண்ணே கேள்வி இது? எப்பவும் போற பக்கம்தான்."

"அதுக்குத்தான் நாற்காலி" என்றார் ஹேல்ஸ்.

ஜைல்ஸ் சிரித்தார். "முப்பத்தொரு வருஷம்ணே. ஒரு கரும்புள்ளி கிடையாது. இப்பப் போயி... யோசிச்சுப் பாருங்க. உங்களைக் கட்சியை விட்டே எடுத்துருவாங்க."

"டாக்டர் என்னை உலகத்தை விட்டே எடுத்துட்டாரு தம்பி. கார்த்திகை தாண்டாதுன்னுட்டாரு." அந்த ஊரில் அதை நவம்பர் என்பார்கள், ஹேல்ஸும் அப்படித்தான் சொன்னார். "உன் கடுதாசி வர்றதுக்குள்ள நான் போயிடுவேன். தபால்காரனுக்குத்தான் வீண் அலைச்சல்."

பர்கிஸும் ஆம்புலன்ஸ்காரரும் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பொம்மையைத் தூக்கியதுபோல் இருந்தது. ஹேல்ஸ் பர்கிஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு உன் வாசல் பக்கம் வரேன்யா."

"வாங்க சார்."

"முப்பத்தொரு வருஷத்துல அந்தக் கூடத்துல எனக்குப் பிடிச்சு நடந்ததா ஒரு தடவைகூட ஞாபகம் இல்ல. இது ஒண்ணு நடந்துடணும். வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

"எட்டு நிமிஷம் இருக்கு சார்" என்றார் பர்கிஸ். அவரால் கொடுக்க முடிந்த வாக்குறுதி அவ்வளவுதான். அதுவே தாராளம் என்று அவர் நினைத்தார்.

மணி அடித்தது. மணி அடித்தால் காவலர் தன் வாசலில் இருக்க வேண்டும். நாற்காலியின் பிடியிலிருந்து பர்கிஸ் கையை எடுக்க, ஜைல்ஸ் அந்த இடத்தில் தன் கையை வைத்தார்.

"நீ போய்யா. அண்ணனை நான் கூட்டிட்டு வரேன். நம்ம அண்ணன், நமக்கில்லாத பொறுப்பா?"

முற்றத்திலிருந்து வாசலுக்கு நாற்காலியைச் சாதாரணமாகத் தள்ளினால் மூன்றரை நிமிடம். பர்கிஸ் எத்தனையோ தடவை தள்ளியிருக்கிறார். அன்று அவர் வாசலில் நின்று பார்த்தார். இரண்டாவது நிமிடம், நாலாவது நிமிடம், கூட்டம் அவரை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. அதில் ஆளுங்கட்சிக்காரர்கள் சிலரும் இருந்தார்கள், பல் பிடுங்கப் போகிறவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு. ஐந்தாவது நிமிடம். லிஃப்ட் ஏறியிருக்க வேண்டுமே என்று நினைத்தார். ஏறியிருந்தது. மேல்தளம் போய், திரும்பவும் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜைல்ஸ் பொத்தானைத் தவறி அழுத்திவிட்டாராம்.

ஏழாவது நிமிடம் தாண்டியதும் நடைகூடத்தின் கோடியில் நாற்காலி தெரிந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்தால் ஜைல்ஸ் முட்டைமேல் நடப்பதாகத் தோன்றும். ஒரு சீமாட்டியிடம் நின்று அண்ணனின் உடல்நிலையைச் சொன்னார். போர்வை சக்கரத்தில் சிக்கும் என்று குனிந்து சரிசெய்தார். அது சிக்கியிருக்கவில்லை. பிறகு தன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டார். நல்ல தோல் ஷூ, கட்ட நேரம் பிடித்தது.

"தள்ளுடா!" என்றார் ஹேல்ஸ். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. தானே சக்கரத்தைப் பிடித்து உருட்டப் பார்த்தார். ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

"கதவை அடையுங்கள்!"

பர்கிஸின் கைக்கு அந்தக் குரல் தெரியும். மூளைக்குச் செய்தி போவதற்கு முன்னால் கை வேலையைச் செய்துவிட்டது. கதவு இழுபட்டது, தாழ் விழுந்தது. இந்தப் பக்கம் ஹேல்ஸும் அவரும் இருந்தார்கள், அந்தப் பக்கம் ஹேல்ஸின் கருத்து.

"பர்கிஸ்" என்றார் ஹேல்ஸ்.

"மன்னிக்கணும் சார். எட்டு ஆயிடுச்சு."

"அடடா!" என்றார் ஜைல்ஸ், நாட்டுக்கே துக்கம் வந்தாற்போல. "நூலிழைண்ணே. வாங்க, ஆம்புலன்ஸ் காத்திட்டிருக்கு." திரும்பும்போது நாற்காலி நன்றாகவே ஓடியது.

அரசு இருபத்தேழு வாக்கில் தோற்றது. ஹேல்ஸ் உள்ளே போயிருந்தால் இருபத்தெட்டு. அன்றிரவே பதினெட்டு பேருக்கு நீக்கல் கடிதம் போயிற்று. பத்தொன்பதாவது ஆளைக் காப்பாற்றிய திருப்தியில் ஜைல்ஸ் மறுநாள் பர்கிஸிடம் விஸ்கி பாட்டில் ஒன்றை நீட்டினார்.

"ஒரு விநாடி அசையலையே நீ! உன்னை மாதிரி நாலு பேரு எங்க கட்சியில இருந்தா நாங்க எதுக்குய்யா இப்படி நாய்படாத பாடு படுறோம்?"

"நான் கட்சிக்காகச் செய்யலை சார்."

"அதனாலதான்யா உன்னை நம்ப முடியுது. பெரியவரு மானமா கட்சிக்காரனாவே போகட்டும். இதுல நான் அவருக்குக் கெடுதல் ஒண்ணும் பண்ணலையே?"

பாட்டிலைப் பர்கிஸ் வாங்கிக்கொள்ளவில்லை. அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பது விதி. வேறு காரணம் இருந்ததா என்று அவரே யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

மேவிஸ் எல்லாவற்றையும் பீன்ஸ் டின்னைத் திறந்தபடியே கேட்டாள். அவளுக்கு ஹேல்ஸின் கருத்து துளியும் பிடிக்காது.

"நான் அந்தாளுக்கு ஓட்டே போடமாட்டேன், அது வேற. சாகப்போற மனுஷன் மூஞ்சில கதவைச் சாத்தினியா லென்?"

"உத்தரவு மேவிஸ்."

"உத்தரவு போட்டவர் நாற்காலியில உக்காந்திருந்தாரு. நாற்காலியில வந்தவரைப் பார்த்தது நீதானே?"

டின்னிலிருந்து பீன்ஸ் தொப்பென்று பாத்திரத்தில் விழுந்தது. அதன்பின் அவர்கள் பேசியது மழையைப் பற்றி.

ஒன்பது நாளில் ஹேல்ஸ் இறந்துபோனார். நவம்பர்வரை காத்திருக்கவில்லை. சபையில் இரங்கல். கட்சித் தலைவர்களில் ஒருவர் எழுந்து, "முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கட்சிக்கு எதிராக வாக்களிக்காத மாமனிதர்" என்றார். "ஆமாம், ஆமாம்" என்று பெஞ்சுகள் முழங்கின. எல்லாரையும்விடச் சத்தமாக முழங்கியவர் ஜைல்ஸ். கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. வாசலில் நின்ற பர்கிஸ் முன்னால் பார்த்தபடி நின்றார். காவலருக்குச் சபையில் வாய் கிடையாது.

இரங்கல் முடிந்ததும் ஹெஸ்டர் கீழே வந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண், கறுப்பு உடுப்பு, அப்பாவின் மூக்கு. கோட்டு மாட்டும் இடத்தில் ஹேல்ஸின் பெயரிட்ட கொக்கியிலிருந்து குடையை எடுத்துக் கொடுக்கப் பர்கிஸ்தான் போக வேண்டியிருந்தது.

"நீங்கதானே பர்கிஸ்? அப்பா சொல்லுவாரு."

"ஆமாம்மா."

"அவங்க உள்ள பேசினது பொய். அன்னிக்கு ராத்திரி அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எதிர்த்துப் போட்டுட்டேன் ஹெஸ்டர், கடைசியில போட்டுட்டேன்'னாரு. ஓட்டுப் பட்டியல்ல அவர் பேரே இல்ல. எங்கேயோ தப்பு நடந்திருக்கு, இல்லையா?"

பர்கிஸ் குடையைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கதவைத் திறந்து வைக்கலாம் என்று தோன்றியது.

"ஆமாம்மா" என்றார். "போட்டாரு. நான்தான் உள்ள விட்டேன்."

அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். அரை நிமிடம் நன்றாக இருந்தது.

"அப்போ நான் பேப்பர்ல எழுதித் திருத்தச் சொல்றேன். நீங்க சாட்சி சொல்லுவீங்கள்ல? உங்க பேரைப் போடலாமா?"

பத்திரிகை என்றால் விசாரணை, விசாரணை என்றால் நேரக் குறிப்பு, கதவு, வில்லை, பென்ஷன். நீர்மூழ்கிக் கப்பலின் மூடி போல ஏதோ ஒன்று அவருக்குள் தானாகவே இழுபட்டு அடைபட்டது.

"இல்லம்மா" என்றார். "அவரு உள்ள வரலை. வாசல் வரைக்கும் வந்தாரு. நான் அடைச்சுட்டேன்."

ஹெஸ்டர் குடையை வாங்கிக்கொண்டாள்.

"எவ்வளவு தூரத்துல இருந்தாரு?"

"மூணு அடி. இல்ல, அவ்வளவுகூட இருக்காது."

"நீங்க கையை நீட்டியிருந்தா நாற்காலி எட்டியிருக்குமா?"

அளவு விஷயத்தில் பர்கிஸ் எப்போதும் சரியாகச் சொல்பவர். கதவு இருந்த இடம், நாற்காலி நின்ற இடம், தன் கையின் நீளம் மூன்றையும் ஒருமுறை மனதில் நிறுத்திப் பார்த்தார்.

"எட்டியிருக்கும்மா" என்றார்.