அறுபது கோட்டு, ஒரே அளவு

முத்துச்செல்வி யாரைப் பார்த்தாலும் முதலில் தோள்பட்டையைத்தான் பார்ப்பாள். பிறகு இடுப்பு, பிறகு கையின் நீளம். முகத்துக்கு வருவதற்குள் அந்த ஆள் கடந்து போயிருப்பார். திருத்தங்கலில் அவளுடைய தெருக்காரர்கள் பாதிப் பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்ல இதுதான் காரணம்.

கல்யாணமான புதிதில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கைவேலை சுத்தம்; வாய்தான் சரியில்லை. துணியோடு வருகிறவர்களிடம், இந்தப் பெரிய பூ உங்களுக்கு வேண்டாம், உடம்பு இன்னும் பெரிதாகத் தெரியும் என்று சொல்லிவிடுவாள். சொன்னது உண்மை என்பதால் யாரும் அவளை மன்னிக்கவில்லை. வருகிற துணி குறைந்துபோனதும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே யாரும் அவளிடம் யோசனை கேட்கவில்லை. ஐந்து வருடம் நிம்மதியாக ஓடியது.

ஆறாம் வருடம் சோதனைக்கு வந்த அதிகாரி, பெண்கள் நைலக்ஸ் சேலையோடு வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு சத்தம் போட்டுவிட்டுப் போனார். மேனேஜர் சபரிநாதன் உடனே சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள அறுபது பருத்திக் கோட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். என்ன அளவு என்று தைப்பவர் கேட்டதற்கு, எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும், பாகுபாடு வேண்டாம் என்றாராம்.

செங்கல் நிறத்தில் கோட்டுகள் வந்து இறங்கின. கீர்த்திகா ஒல்லி, நல்ல உயரம். அவள் மேல் கோட்டு கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. பஞ்சம்மாளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, குள்ளம், நல்ல பருமன். கோட்டு அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது, ஆனால் வயிற்றில் பட்டன் எட்டவில்லை. ஆகவே அறுபது கோட்டும் ஆணியில் தொங்கின. அதிகாரியின் ஜீப் தெரிந்தால் வாட்ச்மேன் விசில் ஊதுவார். அறுபது பேரும் கோட்டுக்குள் நுழைவார்கள். ஜீப் போனதும் கோட்டு மறுபடி ஆணிக்குப் போகும். கோட்டு இருக்கிறது என்பதில் மேனேஜருக்கு முழுத் திருப்தி.

ஒரு நாள் விசில் கேட்டு அவசரமாக ஓடிய பஞ்சம்மாள், கோட்டு காலில் சிக்கி அதிகாரிக்கு முன்னாலேயே குப்புற விழுந்தாள். நல்லவேளையாக அடி பலமில்லை. அதிகாரி போன பிறகு சபரிநாதன் எல்லாரும் கேட்கும்படி, கொஞ்சம் உடம்பைக் குறைத்தால் நல்லது என்று அவளுக்கு அறிவுரை சொன்னார். பஞ்சம்மாள் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறக்காமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

முத்துச்செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கோட்டைக் குறைச்சிருவோம் மதினி. இங்கன குடுங்க" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தையலைப் பிரித்தாள். நீளத்தை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினாள். வெட்டிய துணியை இரண்டு பக்கமும் பட்டையாக வைத்து வயிற்றுக்கு இடம் கொடுத்தாள். வயிற்றுக்கு நேரே இருந்த பெரிய பையைக் கழற்றி எறிந்தாள். வயிறு இருக்கும் இடத்தில் பை வைத்தால் இரண்டு வயிறாகத் தெரியும் என்பது அவள் கட்சி. கழுத்தை வி வடிவத்தில் இறக்கினாள். முழங்கையை நோக்கி வழிந்துகொண்டிருந்த தோள் தையலை மேலே ஏற்றித் தோளிலேயே உட்கார வைத்தாள். மறுநாள் காலையில் அந்தக் கோட்டோடு வந்த பஞ்சம்மாளிடம், புது ஆளா என்று வாட்ச்மேன் கேட்டார். பதினெட்டு வருடமாக அவளுக்குக் கதவு திறந்துவிடுகிற மனிதர்.

அதன் பிறகு முத்துச்செல்வியின் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையதாக இல்லை. கீர்த்திகாவின் கோட்டுக்கு எல்லாமே நேர்மாறு: மார்புக்குக் கீழே சுருக்கம், இடுப்பில் நாடா, இரண்டு பக்கமும் பை. இடுப்பு அகன்றவர்களுக்குக் கீழே விரித்துவிட்டாள். தோள் அகன்றவர்களுக்குக் கைக்குழியின் கொசுவத்தை எடுத்தாள். தீப்பொறி பயத்தால் இரும்புக் கொக்கி மட்டும் யாருக்கும் வைக்கவில்லை. சித்திரை முடிவதற்குள் அறுபதும் ஆளுக்கேற்றபடி மாறிவிட்டன.

இப்போது கோட்டைக் கழற்ற ஆளில்லை. பஸ்ஸிலும் அதுதான், கடைத்தெருவிலும் அதுதான். ஒருத்தி இருக்கன்குடி கோயிலுக்கே அதைப் போட்டுக்கொண்டு போய் வந்தாள். நாள் முழுக்கக் கோட்டுக்குள் இருந்ததில் நைலக்ஸ் சேலையில் வேர்த்துக் கொட்டவே, உள்ளேயும் நூல் சேலைக்கு மாறிவிட்டார்கள். நூல் சேலை கட்டச் சொன்ன நோட்டீஸ் பலகையால் ஆகாத காரியம் இது.

சபரிநாதன் இதைக் கவனிக்க இரண்டு மாதம் ஆயிற்று. கவனித்ததும் முத்துச்செல்வியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, யூனிஃபார்ம்னா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். தெரியாதா?"

"கலரு ஒரே மாதிரிதான் சார் இருக்கு. ஆளுகதான் வேற வேறயா இருக்காக."

கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தியதாக எழுதி, திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொன்னார். வெட்டிய துணி வளராது என்று அவள் உள்ளதைச் சொன்னாள். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் சொல்லாமல் கொள்ளாமல் சோதனை வந்தது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்ததால் விசிலும் இல்லை. அதிகாரி ஒவ்வொரு அறையாகப் போனார். எல்லாரும் கோட்டோடு இருந்தார்கள், எல்லாப் பட்டனும் போட்டிருந்தது. இந்த ஜில்லாவில் இப்படி ஒரு யூனிட்டைப் பார்த்ததில்லை என்று அவர் வியந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். சபரிநாதன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"ஒவ்வொருத்தர் உடம்பு வாகுக்கும் தகுந்த மாதிரி வெட்டச் சொன்னேன் சார்" என்றார்.

மறுநாளே முத்துச்செல்வியை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் விருதுநகரில் நடந்த மேனேஜர்கள் கூட்டத்தில் சபரிநாதன் இருபது நிமிடம் பேசினார். பெண்களின் உடலமைப்பு ஐந்து வகை என்றும், அதில் ஆப்பிள், பேரிக்காய் முதலியன உண்டு என்றும் செல்போனில் படித்து வைத்திருந்தார். மாதிரிக் கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த முத்துச்செல்வியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்து கம்பெனியில் இருப்பது அறுபது வகை. பழங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கூட்டத்தின் சூட்டோடு புது சீசனுக்கும் கோட்டு ஆர்டர் போனது. மாதிரிக்கு, இருப்பதிலேயே அழகாக இருந்த கீர்த்திகாவின் கோட்டை அனுப்பினார் மேனேஜர். அறுபது கோட்டு வந்தன. அறுபதும் கீர்த்திகாவுக்குக் கச்சிதம். பஞ்சம்மாளுக்குக் கைகூட நுழையவில்லை. சபரிநாதன் நடந்து வந்து, "பாத்துப் பண்ணிரும்மா" என்று மட்டும் சொன்னார். ஆபீசுக்குப் பின்னால் ஒரு தையல் மெஷின் வந்தது. பதிவேட்டில் அவள் இன்றும் பெட்டி ஒட்டுகிறாள்.

போன தை மாதம் மேனேஜர் அந்த அறைக்கு வந்து, கதவைச் சாத்தலாமா என்று யோசித்து, சாத்தாமலே நின்றார். காரியாபட்டியில் அவர் மகளுக்கு வளைகாப்பு. தான் எந்தச் சட்டை போட்டாலும் போட்டோவில் வயிறு மட்டுமே விழுகிறது என்றார்.

"சட்டையை உள்ள விடாதீக சார். அந்தப் பெரிய கட்டமும் வேணாம். ஒரே நிறமா, கொஞ்சம் அடர்ந்த நிறமா எடுங்க. நான் தச்சுத் தாரேன்" என்றாள்.

தைத்துக் கொடுத்தாள். வளைகாப்புக்கும் போனாள். பந்தியில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சம்பந்தி வீட்டார் மேனேஜரைச் சூழ்ந்துகொண்டு, எப்படி இம்புட்டு இளைத்தீர்கள் என்று கேட்டார்கள். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பதாகச் சொன்னார் சபரிநாதன். மறுவாரத்திலிருந்து அவருடைய மைத்துனர்கள் இரண்டு பேர் விடியற்காலையில் மதுரை ரோட்டில் நடக்கத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி.