பின்சீட் இல்லாத வண்டி

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வரதனுக்கு ‘லக்கேஜ்’ என்று பெயர். வைத்தவன் எவன் என்று தெரியாது, காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். மூச்சிரைப்பு உடம்பு அவனுக்கு. சைக்கிளை நாலு மிதி மிதித்தால் நெஞ்சு விசிலடிக்கும். பூந்தமல்லியிலிருந்து வரும் ஜாபர் அலிதான் சென்னீர்குப்பத்தில் அவன் வீட்டு முன்னால் மணியடித்து, கேரியரில் ஏற்றிக்கொண்டு போவார். தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே ஷாப், அதாவது ஒரே பிரிவு, ஒரே ஷிப்ட். டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும். அதனால் காக்கிச் சட்டை கண்ணில் பட்டதும் வரதன் குதித்து, நல்ல பிள்ளையாக நடந்து, தாண்டியதும் மறுபடி தொற்றிக்கொள்வான். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது.

புதிதாக நூறு சி.சி. மோட்டார் சைக்கிள்கள் வந்து, ஷாப்பில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்த காலம். சொசைட்டி லோன் கிடைக்கவே வரதனும் துணிந்தான். அவனைவிட ஜாபர் அலிக்குத்தான் தலைகால் புரியவில்லை. கால் தரையில் எட்ட வேண்டும், கனம் குறைவாக இருக்க வேண்டும், ஒரே உதையில் கிளம்ப வேண்டும் என்று கண்டவரையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். ஆனால் ஷோரூமுக்குப் போனால் நேராக ஏறி உட்காருவது என்னவோ பின்சீட்டில்தான்.

“இது நல்லா கீது வரதா. கால் வெக்க எடம் கீது, புடிச்சிக்க கம்பி கீது. இனிமே நீ ஓட்டு, நா குந்திகினு வர்றேன். முட்டி ரெண்டும் போச்சுப்பா.”

யாரோ ஒரு நண்பரின் வண்டியை இரவல் வாங்கி, நசரத்பேட்டைப் பக்கம் காலி ரோட்டில் வரதன் ஓட்டப் பழகினான். ஒருநாள் ஜாபர் அலியைப் பின்னால் வைத்து ஓட்டியபோது மணலில் சறுக்கி இருவரும் விழுந்தார்கள். முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட அவர் சிரித்தபடி எழுந்தார். அடியே படாத வரதன்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினான்.

அதன்பிறகு பின்னால் ஒரு ஆள் என்று நினைத்தாலே அவனுக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், அவர் புரிந்துகொண்டிருப்பார். ஆனால் பயம் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்ல அவனுக்கே கூசும். அவரை ஏற்றிக்கொண்டு போனால், லக்கேஜ் இன்றைக்கு டிரைவரை இட்டாந்துட்டான் என்று கேலி செய்வார்கள். ஒரு தடவையாவது தனி ஆளாகத் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

ஜாபர் அலி தேர்ந்தெடுத்த அதே வண்டியைத்தான் வாங்கினான். ஆனால் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய், நீள சீட்டைக் கழற்றச் சொல்லி, பால்காரர்கள் வைத்துக்கொள்வது போல ஒற்றை சீட்டும் கேரியரும் போட்டு வாங்கி வந்தான். “எனக்குக்கூட எடமில்லியா?” என்று மனைவி வனஜா கேட்டாள். பஸ் இருக்கிறதே என்று அவள் வாயை அடைத்தான்.

அன்று சாயங்காலமே ஜாபர் அலி கதம்ப மாலையோடு வந்தார். வண்டியைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் நின்றுவிட்டார்.

“இன்னாப்பா, பின்சீட்ட காணோம்?”

“இந்த மாடல் இப்பிடித்தான் வருதாம் பாய். சிங்கிளு.”

அவர் கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தார். “அதனால இன்னா. கேரியர்ல குந்திக்கறேன்.”

வரதன் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கேரியரிலேயே போய் வந்தவனுக்கு இது தோன்றாமல் போனது வேடிக்கைதான். “வெயிட்டு தாங்காதாம் பாய், ஷோரூம்ல சொன்னாங்கோ” என்றான். முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது.

“சரிப்பா. பாத்துப் போ” என்று சொல்லி, மாலையை ஹேண்டில்பாரில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில், பாரிவாக்கம் தாண்டி ஜாபர் அலியின் சைக்கிளை முந்த வேண்டியிருந்தது. எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். ஹாரன் கேட்டதும் ஓரம் ஒதுங்கி, போ போ என்று கையைக் காட்டினார். வரதன் நிறுத்தவில்லை. கேட்டில் அன்று யாரும் அவனை லக்கேஜ் என்று கூப்பிடவில்லை. அவன் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, மத்தியானச் சோற்றைத்தான் பாதியில் மூடி வைத்தான். நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் அதே ஷாப்பில் வேலை பார்க்கும் கோவிந்தராஜ் அதே வண்டியை, அதே நிறத்தில் வாங்கி வந்தார். அதில் நீள சீட்டு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்.

“ஏம்பா வரதா, ரெண்டும் ஒரே வண்டிதான? உன்துல மட்டும் இன்னா பாதி சீட்டு?”

வரதனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஜாபர் அலி டிபன் பாக்ஸை மூடியபடி, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

“அது வேற மாடலுப்பா. சிங்கிளாத்தான் வரும். நாந்தான கூடப் போய் விசாரிச்சேன்.”

கோவிந்தராஜ் நம்பிவிட்டார். ஜாபர் அலி பெஞ்சைப் பிடித்து மெல்ல எழுந்து, வரதன் பக்கம் திரும்பாமல் கை கழுவப் போனார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பொய் சொல்லி வரதன் கேட்டது அதுதான் முதல் தடவை.