கலப்பறையில் சுட்ட குவியல்

வெள்ளிக்கிழமை நண்பகல். துவைப்பதற்காக இக்லாஸ் தன் வேலைப் பையைக் கவிழ்த்தாள். நேற்று ஆலையில் எண்ணெய்க் கையைத் துடைத்துச் சுருட்டிப் போட்ட துணிகள் விழுந்தன. தொட்டவள் கையை வெடுக்கென இழுத்துக்கொண்டாள். துணி சுட்டது! பக்கத்தில் அடுப்பில்லை, வெயிலில்லை. ஆனாலும் உள்மடிப்பு கருகி நாறியது.

பாதி உயிர் அப்போதே போய்விட்டது அவளுக்கு.

பத்தொன்பது வருடமாக மஹல்லா நகர நூற்பாலையில் ஆளி நாரையும் பருத்தியையும் கலக்கும் அறை அவள் பொறுப்பு. ஆளி நார் முரட்டுப் பிள்ளை. எண்ணெயும் தண்ணீரும் தெளித்து, ஒரு நாள் குவித்து ஊறவிட்டால்தான் பருத்தியோடு இணங்கும்; இல்லாவிட்டால் இயந்திரத்தில் நொறுங்கித் தூசியாகும். வியாழன் மாலை ஆலை எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. காலைப் பயறின் மேல் ஊற்றிச் சாப்பிடும் ஆளிவிதை எண்ணெயை இரண்டு டின் வாங்கிவந்து தெளித்துவிட்டாள். நாரும் அதே செடி, எண்ணெயும் அதே செடி. தாய் பிள்ளையைச் சுடுவாளா என்று நினைத்தாள்.

சுடுவாள் என்று இப்போது துணி சொல்லிவிட்டது. கலப்பறையில் ஆள் உயரக் குவியல், மேலே சாக்குப் போர்வை. அந்த அறையில்தான் அவள் கணவன் ரஜப், விடுமுறை நாளில் தன்னந்தனியாக, கூரைத் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மூன்று நாளாக இருவருக்கும் பேச்சில்லை. கோபத்தில் எடுக்கவில்லையா? எடுக்க முடியாமல் கிடக்கிறானா? இறைவா, கோபமாகவே இருக்கட்டும்!

ஓடினாள். ஆலை வாசலில், ரஜபை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டித் தொழுகைக்குப் போய் வந்த மேஸ்திரி உஸ்தா பயூமியின் இடுப்பில் சாவி தொங்கியது.

"என்ன இக்லாஸ், வெள்ளிக்கிழமைகூட ஆலையப் பிரிய மனசில்லையா? ரஜப் பாவம்!"

"கதவத் தொறங்க உஸ்தா! ஆலை எண்ணெய் இல்லன்னு... ஆளிவிதை எண்ணெயத் தெளிச்சுட்டேன்!"

அவர் சிரிப்பு செத்தது. "அடிப்பாவி! நாருல ஊறிக் காய்ஞ்சா அது தானாக் கொதிக்குமே!"

கதவு திறந்ததும் கருகல் நெடி முகத்தில் அறைந்தது. ஏணி உச்சியில், மூக்கில் துணி கட்டி ரஜப் இருமிக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம், வாய் தொறந்தாச்சா? எந்த ஒயரு கருகுதுன்னு அப்பலருந்து தேடுறேன்..."

அவள் அலறிக்கொண்டு குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளங்கை வெந்தது.

"கிளறாதே! காத்து பட்டாப் பத்திக்கும்!" உஸ்தா அவளைப் பின்னால் இழுத்தார். "ரஜப், குழாயத் தொறந்து விடுடா!"

தண்ணீர் கொட்டியது. குவியல் பாம்பாகச் சீறியது. நடுவே தலையளவு ஓட்டையில் சிவப்புக் கண் ஒன்று விழித்து மூடியது. இறங்கிவந்த ரஜப் அதைப் பார்த்தான். அதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் அவன் ஏணியின் கால். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா..." என்றான்.

உஸ்தா அவளுக்காக மறைக்கப் பார்த்தார். சனிக்கிழமை மேலாளர் முன்னால் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். தண்டனையாக இரண்டு மாதம் ஆலையைக் கூட்டிப் பெருக்கினாள். பிறகே கலப்பறை திரும்பக் கிடைத்தது.

இன்றும் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு குவியலுக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிறாள்.

"காய்ச்சல் இருக்கா டாக்டரம்மா?" என்று பெண்கள் கிண்டலடிப்பார்கள்.

அவள் சிரிப்பதில்லை. வாசல் வரை போவாள். திரும்பி வந்து இன்னொருமுறை தொட்டுப் பார்ப்பாள்.